ஆட்டம் முடியும் நாளில் கையில் என்ன இருக்கும்?

"ஊருக்கெல்லாம் வானொலியில புத்தி சொல்றியே, உன் அக்கா மகனுக்கும் கொஞ்சம் சொல்லேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவிடமிருந்து இப்படி ஓர் அழைப்பு வந்தால், விஷயம் பெரிது என்று அர்த்தம். அவள் சாதாரணமாக என்னிடம் எதையும் கேட்கமாட்டாள்.

"என்னக்கா, படிக்க மாட்டேங்கிறானா?"

"படிக்கிறான். அதுல ஒண்ணும் குறையில்ல. ஐஸ் ஹாக்கி விளையாடணுமாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர் ஜெஞ்சாரோம். பந்திங் போகும் சாலையில், கோலலங்காட் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிறிய ஊர். சீனப் பெருநாள் காலத்தில் விளக்கு அலங்காரம் பார்க்க டோங் சென் கோயிலுக்கு வருபவர்களுக்கு எங்கள் ஊர் பெயர் தெரியும். 2018-இல் சட்டவிரோதப் பிளாஸ்டிக் தொழிற்சாலைகளின் புகையால் உலகப் பத்திரிகைகளிலும் பெயர் வந்தது. மற்றபடி வெயிலும் வேர்வையும்தான். பனிக்கட்டி என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஐஸ் கச்சாங் மட்டும்.

அந்த ஊர்ப் பிள்ளைக்கு ஐஸ் ஹாக்கி வேண்டுமாம்.

வீட்டில் அவனை எல்லாரும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவோம். பதின்மூன்று வயது, படிவம் ஒன்று. பள்ளி விடுமுறையில் கூட்டாளியின் பிறந்தநாளுக்கு சன்வே பிரமிட் பேரங்காடிக்குப் போயிருக்கிறான். அங்குள்ள பனிச்சறுக்குத் திடலில் ஒரு மணி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறான். அதன் பிறகு, தன் வயதுப் பிள்ளைகள் சிலர் தலைக்கவசம் போட்டு, கையில் மட்டையோடு, காற்று மாதிரி சறுக்கிப் போவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறான். அவ்வளவுதான். வீடு திரும்பியவனுக்கு வேறு பேச்சே இல்லை.

"சரி, விளையாடட்டுமே" என்றேன்.

"சும்மா சொல்லாத. மட்டை, காலணி, நெஞ்சுக்கு, முட்டிக்கு, கைக்குன்னு எல்லாத்துக்கும் கவசம். வாரத்துக்கு ஒருவாட்டி சன்வேக்குக் கொண்டுபோய் விடணும். இவ்வளவும் செஞ்சு, இவன் என்ன பெரிய ஆளா வரப்போறானா? பனியே இல்லாத நாட்டுல?"

நம் வீடுகளில் எல்லாப் பேச்சும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. பாட்டு, நடனம், பந்து, ஓட்டம் எதுவாக இருந்தாலும் சரி. "பெரிய ஆளா வருவானா?"

இந்தக் கேள்வியை நான் இருபது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறேன். அப்போது கேட்டவர் என் அப்பா. கேட்கப்பட்டவள் நான்.

*

நான் பள்ளியில் ஹாக்கி விளையாடியவள். இது எங்கள் புல்தரை ஹாக்கி. படிவம் இரண்டில் தொடங்கி, படிவம் நான்கு வரை பள்ளி அணியில் இடதுபுறத் தடுப்பாட்டக்காரி. மாவட்டப் போட்டிக்கு ஒரு முறை போனோம். முதல் சுற்றிலேயே தோற்றோம். ஆனாலும் என் பெயர் மாவட்ட அணித் தேர்வுக்குப் போனது.

அந்தக் கடிதத்தை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போடவில்லை. "அடுத்த வருஷம் எஸ்.பி.எம். முதல்ல அத முடி. இதுல நீ என்ன பெரிய ஆளா வரப்போற?" என்றார். அதோடு முடிந்தது. மட்டையைப் பள்ளியின் சாமான் அறையில் திருப்பிக் கொடுத்தேன். அப்பாவிடம் இரண்டு வாரம் பேசவில்லை.

எனக்கு அதிகம் வலித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அப்பா ஹாக்கி தெரியாதவர் இல்லை. தோட்டத்தில் பிறந்து, கித்தா மரங்களுக்கு நடுவே இருந்த திடலில் விளையாடக் கற்று, பிறகு ஒரு நிறுவனத்தின் அணியில் பத்தாண்டுக்கு மேல் ஆடியவர். அந்த ஆட்டத்தால்தான் அவருக்கு அங்கே வேலையே கிடைத்தது. மேசை அலமாரியில் அணியின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருந்தது. பின்வரிசையில் ஓரமாக நிற்பார். அதைப் பற்றி எங்களிடம் அவர் பேசியதே இல்லை. ஹாக்கியால் பிழைத்த மனிதர், மகளுக்கு ஹாக்கியை மறுத்தார். அந்தக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை.

ஹாக்கி பற்றி அவர் வாய் திறந்தால், அது 1975 பற்றித்தான் இருக்கும். அந்த ஆண்டு உலகக் கிண்ணப் போட்டி கோலாலம்பூரில் நடந்தது. ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் மலேசியா அரையிறுதி வரை வந்து, கூடுதல் நேரத்தில் இந்தியாவிடம் 2-3 என்று தோற்றது. இறுதியில் நான்காம் இடம். இன்றுவரை உலகக் கிண்ணத்தில் நம் ஆகச் சிறந்த இடம் அதுதான். அப்பாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. தோட்டத்தில் ஒரே ஒரு டிரான்சிஸ்டர். அதைச் சுற்றி முப்பது பேர். "அவுங்க ஓடுறது எனக்குக் காதுலயே தெரிஞ்சுச்சு" என்பார். நான் வானொலிக்கு வந்ததற்கு அந்த ஒரு வாக்கியமும் காரணம் என்று நினைக்கிறேன்.

*

தம்பிக்குப் புத்தி சொல்வதாக அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். எதைச் சொல்வது என்று தெரியாததால், முதலில் படிக்கத் தொடங்கினேன். வானொலிக்காரர்களின் பழக்கம் அது. காலை நிகழ்ச்சிக்குத் தயாராவது போல, இரண்டு மூன்று இரவு உட்கார்ந்து ஐஸ் ஹாக்கிக்காரர்களின் வாழ்க்கையைத் துருவினேன்.

ஐஸ் ஹாக்கிக்கு உலகத்தின் உச்சி வட அமெரிக்காவில் இருக்கிறது: என்.எச்.எல். என்ற லீக். மொத்தம் 32 அணிகள். ஆண்டுதோறும் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் ஏழு சுற்றுகள், 224 பேர். உலகம் முழுவதிலிருந்தும் 224 பேர்தான். அவர்களிலும் பெரும்பாலோர் அந்த லீக்கில் நிலைத்து ஆடுவதில்லை.

அப்படியானால் மற்றவர்கள் எங்கே போகிறார்கள்?

அங்கேதான் எனக்கு ஆர்வம் பிடித்தது. உச்சிக்குக் கீழே ஏ.எச்.எல்., அதற்கும் கீழே இ.சி.எச்.எல். என்று படிகள் இருக்கின்றன. இ.சி.எச்.எல். 1988-இல் ஐந்தே அணிகளுடன் தொடங்கியது. பெரிய நகரங்கள் இல்லை. நம் கிள்ளான், பந்திங் போன்ற ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பருவத்துக்கு 72 ஆட்டங்கள். இரவு ஆட்டம் முடிந்ததும் பேருந்தில் ஏறி, தூங்கிக்கொண்டே அடுத்த ஊர். அண்மைய ஆண்டுகளில் அங்கே புதிய ஆட்டக்காரருக்குக் குறைந்தபட்ச வாரச் சம்பளம் 500 அமெரிக்க டாலரைச் சற்றுத் தாண்டியது. தங்க வீட்டை அணி கொடுத்துவிடும். ஆனால் பருவம் நடக்கும் மாதங்களுக்குத்தான் சம்பளம். கோடையில் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டும். அதே சமயம், 2023-24 பருவத்தில் என்.எச்.எல்.-இன் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 775,000 டாலர். ஒரே ஆட்டம், ஒரே மட்டை, ஒரே பனிக்கட்டி. நடுவில் இவ்வளவு தூரம்.

அந்தத் தூரத்தைத் தாண்டியவர்களும் உண்டு. இ.சி.எச்.எல்.-இல் ஆடிவிட்டு என்.எச்.எல். வரை போனவர்கள் இதுவரை 700 பேருக்கு மேல். அதனால்தான் பேருந்தில் இருக்கும் ஒவ்வொருவனும் 701-ஆவது ஆள் தான்தான் என்று நினைத்துக்கொள்கிறான்.

ராபின் பாவா என்று ஒருவர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்த பஞ்சாபிக் குடும்பத்துப் பிள்ளை. 1989-இல் வாஷிங்டன் கேபிடல்ஸ் அணிக்காகக் களமிறங்கி, என்.எச்.எல்.-இல் ஆடிய முதல் இந்திய வம்சாவளி ஆட்டக்காரர் ஆனார். கோலும் போட்டார். அந்த உச்சியில் அவர் ஆடியது, நான்கு அணிகளுக்குமாகச் சேர்த்து, 61 ஆட்டங்கள். பன்னிரண்டு ஆண்டு வாழ்க்கையில் மற்றதெல்லாம் கீழ் லீக்குகளில்தான். தோல் நிறத்துக்காகக் கேட்ட வசவுகள் தனி. 1999-இல் தலையில் பட்ட அடியோடு ஆட்டத்தை விட்டார். 61 ஆட்டம்தானே என்று சொல்லலாம். ஆனால் அவருக்குப் பின் வந்த இந்தியப் பிள்ளைகளுக்கு, நம் முகச்சாயல் உள்ள ஒருவர் அந்தப் பனித்திடலில் நின்றிருக்கிறார் என்பதற்கு அந்த 61 ஆட்டம் போதுமானதாக இருந்தது.

இன்னொருவர் ஸ்காட் பாஸ்டர். இவரைத்தான் எனக்கு அதிகம் பிடித்தது. வெஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தபோது கோல் காவலராக இருந்தவர். படிப்பு முடிந்தது, ஆட்டமும் முடிந்தது. கணக்காளர் வேலைக்குப் போனார், திருமணம், பிள்ளைகள். ஆனால் வேலை முடிந்த இரவுகளில் கூட்டாளிகளோடு விளையாடுவதை மட்டும் விடவில்லை. 2018 மார்ச் 29 அன்று சிகாகோவில் என்.எச்.எல். ஆட்டம். சொந்த ஊர் அணியின் கோல் காவலர்கள் இருவருக்கும் ஒரே நாளில் உடம்புக்கு முடியாமல் போனது. அவசரத்துக்கென்று அரங்கில் உட்கார வைத்திருந்த மாற்று ஆளைக் கூப்பிட்டார்கள். அது இந்த 36 வயதுக் கணக்காளர். பதினான்கு நிமிடம் நின்றார். தன்னை நோக்கி வந்த ஏழு அடிகளையும் தடுத்தார். அணி 6-2 என்று வென்றது. மறுநாள் காலை அவர் மீண்டும் ஒரு கணக்காளர்.

இதைப் படித்துவிட்டு நள்ளிரவில் நான் தனியாகச் சிரித்தேன். பிறகு யோசித்தேன். அந்தப் பதினான்கு நிமிடம் அவருக்குக் கிடைக்காமலே போயிருந்தால்? அப்போதும் அவர் கையில் பட்டம் இருந்திருக்கும். வேலை இருந்திருக்கும். இரவில் விளையாடும் இன்பம் இருந்திருக்கும். அவர் எதையும் இழந்திருக்கமாட்டார்.

அமெரிக்காவில் பல்கலைக்கழக ஆட்டத்துக்கு இருக்கும் பெரிய பயன் இதுதான். முதல் நிலைக் கல்லூரிகள் பலவற்றில் ஆட்டத்துக்காகவே உபகாரச் சம்பளம் உண்டு. மூன்றாம் நிலைக் கல்லூரிகளில் அதுவும் கிடையாது. அங்கே ஆடுபவர்கள் ஆட்டம் பிடித்திருப்பதால் மட்டும் ஆடுகிறார்கள். எந்த நிலையானாலும் வகுப்புக்குப் போக வேண்டும், தேர்வு எழுத வேண்டும். முட்டி போனாலும் பட்டம் போகாது.

*

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அக்கா குடும்பமும் வந்திருந்தது. தம்பி ஒரு பொருளைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். பேரங்காடியில் காசு சேர்த்து வாங்கிய 'பக்'. ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. மூன்று அங்குல விட்டம், ஓர் அங்குலக் கனம் கொண்ட கறுப்புத் தட்டுதான். 170 கிராம் வரை எடை இருக்கும்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த அப்பா கையை நீட்டினார். தம்பி தயங்கித் தயங்கிக் கொடுத்தான். அப்பா அதைத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் அழுத்தினார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"கித்தா" என்றார்.

"தாத்தா, அது பக்."

"பேரு எதுவோ. இது கித்தாடா. உங்க பாட்டன் காலையில அஞ்சு மணிக்கு வெட்டுன சாமான்."

உண்மைதான். கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டிப்படுத்திய ரப்பர்தான் அது. பெரிய ஆட்டங்களில் அதிகம் துள்ளாமல் இருக்க அதை உறைய வைத்துக் களமிறக்குவார்கள் என்று நான் படித்ததைச் சொன்னேன். அப்பா ஆச்சரியமாகக் கேட்டார். பிறகு அவராகவே கேள்விகள் கேட்கத் தொடங்கினார். எத்தனை பேர் ஆடுவார்கள்? கோல் காவலரோடு ஆறு பேர். எவ்வளவு நேரம்? இருபது நிமிடமாக மூன்று பகுதி. ஓர் ஆள் தொடர்ந்து எவ்வளவு நேரம் உள்ளே நிற்பார்? சுமார் நாற்பத்தைந்து வினாடிதான். உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு வெளியே வருவார், அடுத்தவர் போவார்.

"நாப்பத்தஞ்சு வினாடியா? அதுக்குள்ள என்ன செய்ய முடியும்?"

"இரண்டு பாட்டுக்கு நடுவுல எனக்குக் கிடைக்கிற நேரம்ப்பா அது" என்றேன். அப்பா சிரித்தார்.

அவர் சிரித்த அந்த நேரத்தில் எனக்குத் துணிவு வந்தது. பாஸ்டர் கதையையும் பேருந்தில் போகும் ஆட்டக்காரர்களின் கதையையும் சொன்னேன். தம்பியும் அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடித்துவிட்டு, இருபது ஆண்டாகக் கேட்காததைக் கேட்டேன்.

"ஏன்ப்பா அன்னிக்கு எனக்குக் கையெழுத்துப் போடல?"

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. பக்கை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"நான் படிவம் மூணோட நின்னுட்டேன், தெரியுமில்ல? ஹாக்கி நல்லா ஆடுறான், வேலை குடுக்குறோம்னு கூப்பிட்டாங்க. போயிட்டேன். பத்து வருஷத்துக்கு மேல ஆடுனேன். அதுல பாதி ஆட்டம் நான் பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். மாநிலத் தேர்வுக்கு மூணு தடவ போனேன், மூணு தடவையும் கூடுதல் ஆளுன்னு எழுதுனாங்க. அதுக்குள்ள செயற்கைத் தரை வந்துருச்சு. புல்லுல கத்துக்கிட்ட எங்களுக்கு அந்த வேகம் வரல. முப்பத்தோரு வயசுல முட்டி போச்சு. அணியையும் கொஞ்ச நாள்ல கலைச்சிட்டாங்க. மறுநாள் என்னைக் கிடங்குல மூட்டை எண்ணப் போட்டாங்க. ஆட்டம் முடிஞ்ச அன்னிக்கு என் கையில ஒண்ணுமே இல்ல. ஒரு சான்றிதழ்கூட இல்ல."

அக்கா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். யாரும் எதுவும் பேசவில்லை.

செயற்கைத் தரை பற்றி அப்பா சொன்னது அவருடைய கதை மட்டுமில்லை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல் முறையாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. அதன் பிறகு உலகமே மாறியது. தோட்டத் திடலும் பள்ளிப் புல்தரையும் போதாமல் போயின. நம் நாட்டில் தோட்டங்களிலிருந்தும் ரயில்வே, மின்வாரிய, காவல்துறை அணிகளிலிருந்தும் வந்த ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களின் கால்களுக்குக் கீழே தரையே மாறிப்போனது.

"உனக்கு அந்த மாதிரி ஆயிடுமோன்னு பயந்தேன். ஆனா..." என்று இழுத்தார். "ரெண்டையும் செய்யலாம்னு எனக்குச் சொல்ல அன்னிக்கு ஆள் இல்ல. நீ சொன்ன அந்தக் கணக்கர் மாதிரி. கையெழுத்துப் போட்டிருக்கணும்மா. அது தப்புதான்."

என் அப்பா 'தப்பு' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. வானொலியில் நான்கு மணி நேரம் நிற்காமல் பேசுகிறவளுக்கு அப்போது வாயில் ஒரு சொல் வரவில்லை.

*

நானும் இரண்டாம் வரிசைதான். ஊடகத்துறையில் பட்டம் வாங்கி வெளியே வந்தபோது, ஆறு மாதத்தில் நாடு முழுக்க என் பெயர் தெரியும் என்று நினைத்தேன். மூன்று ஆண்டு வார இறுதி நள்ளிரவில் பகுதி நேரமாகப் பேசினேன். கேட்டவர்கள் லாரி ஓட்டுநர்கள், காவலாளிகள், தூக்கம் வராத தாதியர். மணிக்கணக்கில் சம்பளம். பகலில் ஒரு விளம்பர நிறுவனத்தில் எழுத்து வேலை. இன்றும் நான் பெரிய நட்சத்திரம் இல்லை. ஆனால் அந்த நள்ளிரவு நேயர்களிடம்தான் பேசக் கற்றுக்கொண்டேன். அவர்களில் ஒருவர் இன்றும் என் பிறந்தநாளுக்கு அழைக்கிறார்.

2018 நினைவுக்கு வருகிறது. ஊரில் புகை நெடியால் சன்னலைத் திறக்க முடியாத காலம். ஆகஸ்டு 30 அன்று ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் ஹாக்கி அணி இந்தியாவோடு அரையிறுதி ஆடியது. ஆட்டம் 2-2. பெனால்டி மோதல் நீண்டு நீண்டு 7-6 வரை போனது. நம் கோல் வாயிலில் நின்றவர் எஸ். குமார், நாட்டுக்காக 300-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியவர். நாம் வென்றோம். அப்பா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் ஜப்பானோடு 6-6, மறுபடியும் பெனால்டி மோதல், இம்முறை தோல்வி. தங்கத்தோடு ஒலிம்பிக் வாய்ப்பும் போனது. 2000 சிட்னிக்குப் பிறகு நம் ஹாக்கி அணி ஒலிம்பிக்கைப் பார்க்கவே இல்லை.

300 ஆட்டம் ஆடிய மனிதருக்கே உச்சி கைக்கெட்டிய தூரத்தில் நழுவுகிறது. அப்படியிருக்க, "பெரிய ஆளா வருவியா?" என்று பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்? யாராலும் சொல்ல முடியாத பதில் அது. ஆட்டம் முடியும் நாள் எல்லாருக்கும் வரும். அன்றைக்குக் கையில் என்ன இருக்கும் என்பதற்கு மட்டும்தான் நாம் இப்போதே ஏதாவது செய்ய முடியும்.

அன்று மாலை தீர்ப்பு வழங்கியவர் அப்பாதான். "ஒரு வருஷம். வாரம் ஒரு வகுப்பு. பழைய சாமான் வாங்கினாப் போதும். பள்ளிக்கூடப் புள்ளி குறையக் கூடாது. குறைஞ்சா ரெண்டையும் உக்காந்து பேசுவோம். நிறுத்துறதப் பத்தி அப்புறம் பார்க்கலாம்." அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

*

முதல் வகுப்புக்கு நாங்கள் எல்லாரும் போனோம். ஜெஞ்சாரோமிலிருந்து கிளம்பும்போது வெளியே கொளுத்தும் வெயில். அப்பா கேமரன் மலைக்குப் போனபோது வாங்கிய கம்பளிக் குல்லாவைப் போட்டுக்கொண்டு வந்தார். பேரங்காடியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தரைக்குக் கீழே குழாய்களில் குளிர்திரவம் ஓட, மேலே சில சென்டிமீட்டர் கனத்துக்குத்தான் பனிக்கட்டி. வெப்ப நாட்டின் நடுவில் அதைக் காப்பாற்றி வைத்திருப்பதே பெரிய வேலை. இந்தத் திடலில்தான் ஜூலியன் யீ சறுக்கக் கற்று, 2018-இல் குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியக் கொடியோடு போனார். 2017-இல் கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் முதல் முறையாக ஐஸ் ஹாக்கி சேர்க்கப்பட்டபோது, தங்கம் வென்றது பனியே பெய்யாத பிலிப்பைன்ஸ். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, அக்கா தலையாட்டிக்கொண்டாள். அவள் கண் மட்டும் மகன் மேலேயே இருந்தது.

தம்பி விழுந்தான். எழுந்தான். மறுபடி விழுந்தான். பதினெட்டு முறை வரை அக்கா எண்ணினாள். அதற்கு மேல் எண்ணவில்லை.

பக்கத்து இருக்கையில் ஓர் இளைஞர் பெரிய பையோடு காத்திருந்தார். அலுவலகச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பொதுமக்கள் நேரம் முடிந்த பிறகு கூட்டாளிகளோடு ஆட வந்தவர். கணக்கியல் வேலையாம். நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"எத்தனை வருஷமா ஆடுறீங்க, தம்பி?" அப்பா கேட்டார்.

"பத்து வருஷம், அங்கிள்."

"தேசிய அணியா?"

"இல்ல அங்கிள். சும்மா நாங்களா ஆடுறதுதான்."

"நானும் பெஞ்சுதான்" என்றார் அப்பா. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் பந்திங் சாலை மாமாக் கடையில் நிறுத்தினோம். தம்பிக்கு இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன. ரொட்டி சானாய் மூன்று சாப்பிட்டான். அக்கா அவனிடம், "எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டாள். "பெரிய ஆளா வருவியா?" என்று அவள் கேட்கவில்லை, அதை நான் கவனித்தேன்.

"கையை விட்டுட்டு கொஞ்ச தூரம் போனேன்ம்மா. பார்த்தியா?"

"பார்த்தேன்."

அப்பா தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே, தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். "நாப்பது வினாடி. நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். இன்னும் அஞ்சு வினாடி பாக்கி இருக்கு. அடுத்த வாரம் பார்ப்போம்."